சபை வரலாற்றுக்கு வெள்ளையடிக்க வேண்டாம்: மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமான சேகரக் கமிட்டியாருக்கும், ஆண்டு விழா மலர்க் குழுவினருக்கும், சபைக் குருவான ஐயரவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

எந்த ஒரு சபையையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. தாமிரபரணிக்குத் தெற்கே பனங்காட்டிலும் செம்மண் தேரியிலும் சிதறிக் கிடக்கும் ஊர்களின் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதுகிறேன். முதலூர் 1799இல் உண்டானது. பாளையங்கோட்டைத் தூய திரித்துவ ஆலயம் 1826இல் எழுந்தது. டோனாவூர் 1827. அந்தக் காலத்தில் உருவான மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களும் ஒவ்வொன்றாக இருநூறாம் ஆண்டை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இனி வரும் ஆண்டுகள் பந்தலுக்கும் அசன விருந்துக்கும் மலருக்கும் உரியவை. மலர் என்று வந்துவிட்டால் 'சபை வரலாறு' என்று ஒரு கட்டுரை வேண்டும். அதற்காகத்தான் என் வீட்டுப் படி ஏறுகிறீர்கள். நான் நாவல் எழுதுகிறவன். எப்படியும் நாலு பக்கம் எழுதித் தந்துவிடுவேன் என்ற நம்பிக்கை. காப்பி குடித்து முடித்து எழுந்திருக்கும்போதுதான் நிபந்தனை வரும்: "சர்ச்சைக்கு இடமான எதுவும் வேண்டாம் ஐயா. விழா நேரம்."

அந்த நிபந்தனையைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

இதுவரை வந்த மலர்களில் கணிசமானவை என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றைப் படித்தால் மற்றதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பேராயரின் வாழ்த்து, முன்னாள் குருமார்களின் புகைப்படங்கள், நகைக்கடை விளம்பரம், நடுவில் வரலாறு. இருளில் கிடந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வருகிறார். ஜனங்கள் மனந்திரும்புகிறார்கள். ஓலைக்கூரை, பிறகு ஓட்டுக்கூரை, பிறகு கான்கிரீட். பள்ளிக்கூடம். மணிக்கூண்டு. அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு இந்த ஊரில் ஒருவரோடு ஒருவர் சண்டையிடவில்லை, யாரும் பசியால் சாகவில்லை, யாரும் கோயிலைவிட்டு வெளியேறவில்லை. இது சபையின் வரலாறு என்றால் எனக்குத் தெரிந்த எந்தச் சபைக்கும் அது பொருந்தாது. அப்போஸ்தலர் நடபடிகளில்கூட ஆறாம் அதிகாரத்திலேயே பந்திவிசாரணையில் தகராறு வந்துவிடுகிறது.

துரைமாரின் பங்கைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்திராவிட்டால் நம்மில் பலருக்கு எழுத்தறிவு ஒரு தலைமுறை பிந்தியிருக்கும். கால்டுவெல் சென்னையிலிருந்து கால்நடையாகவே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர்; அங்கே அவர் எழுப்பிய கோயில் முடிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர்களைக் கொண்டாடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய தரப்பு பத்திரமாக இருக்கிறது. சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் மிஷனெரிகள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் குளிரூட்டிய அறையில் அடுக்கியிருக்கின்றன. எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலேய மிஷனின் தாள்கள் ஆக்ஸ்போர்டில். தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில். எந்தத் துரை எந்த நாளில் எந்த ஊருக்குப் போனார், எவ்வளவு செலவிட்டார், ஊர்ச் சபையைக் கவனித்த உள்ளூர் ஊழியரான எந்த உபதேசியாரின்மேல் எரிச்சல்பட்டார் என்று அங்கே உட்கார்ந்து படித்துவிடலாம். நம் பக்கத்து ஆட்கள் எழுதியவை எங்கே இருக்கின்றன? உங்கள் கோயிலின் பின்னறையில், திருவிருந்துப் பாத்திரங்களும் கிறிஸ்மஸ் நட்சத்திரமும் வைத்திருக்கும் இரும்பு பீரோவின் அடித்தட்டில். ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கமிட்டிக் கூட்டக் குறிப்பேடு. பல ஊர்களில் வேறு பிரதி கிடையாது.

அப்படி ஓர் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க எனக்கு வாய்த்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நீளவாட்டில் தைத்த கனமான புத்தகம். தோல் அட்டையின் முதுகு போய்விட்டது. இராமபாணப் பூச்சி முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில் வெளியேறியிருக்கிறது. பழைய இரும்பு மை தாளை அரித்ததால் சில இடங்களில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. பக்கத்தை விளக்கின் முன் பிடித்தால்தான் பெயர் தெரிகிறது. இலக்கம், இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பெயர், வயது, தொழில், சாவுக்குக் காரணம், அடக்கம் செய்தவர். மாதத்துக்கு ஒருவர் இருவர் என்று போய்க்கொண்டிருந்த புத்தகத்தில் திடீரென்று இரண்டு பக்கம் முழுவதும் காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: வாந்திபேதி. அடுத்தடுத்து வரும் பெயர்களை வைத்துப் பார்த்தால், ஒரே வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளும். எல்லாம் ஒரே கையெழுத்து, சாய்வில்லாத, பள்ளிக்கூட வாத்தியாருக்கு உரிய எழுத்து. இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து மாறுகிறது. மாறிய கையெழுத்தின் முதல் பதிவு 'உபதேசியார்' என்ற தொழிலோடு வருகிறது. அதுவரை எல்லாரையும் எழுதி அடக்கம் செய்தவரை வேறொருவர் எழுதி அடக்கம் செய்திருக்கிறார்.

அந்த உபதேசியாரின் பெயர் எந்த மலரிலும் இல்லை. அவருக்குக் கல்லறைக் கல்லும் இல்லை. அதே கல்லறைத் தோட்டத்தில் துரையின் கைக்குழந்தைக்குச் சலவைக்கல் இருக்கிறது. அந்தக் குழந்தைக்காகவும் நான் வருந்துகிறவன்தான். ஆனால் இருவரில் ஒருவரைப் பற்றிய ஒரே தடயம் உங்கள் பீரோவில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த அறையின் கூரை ஒழுகுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் 'முந்தின பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் சுடலைமுத்துவும் இசக்கியும் பேச்சியும் இருப்பார்கள். பக்கத்துக் கட்டத்தில் அவர்களே ஞானமுத்தாகவும் மரியாளாகவும் அன்னாளாகவும் ஆகியிருப்பார்கள். நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. இந்தக் கோட்டைத் தாண்டிய அன்று இரவு வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? தாலியை மாற்றினார்களா? சுடலைமாடன் கொடைக்கு வரி கேட்டு வந்த பங்காளிகளிடம் என்ன சொன்னார்கள்? முதலூர் ஏன் உண்டானது என்பதற்கே பதில் அங்கேதான் இருக்கிறது. வேதத்தில் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. அதனால்தான் டேவிட் சுந்தரானந்தம் தலைமையில் தனி ஊர் கண்டார்கள். இந்தப் பக்கத்தில் இத்தனை 'புரங்கள்' இருப்பதற்குப் பின்னால் இத்தனை விரட்டல்கள் இருக்கின்றன. மலர்களோ 'ஆண்டவர் இந்த இடத்தைத் தெரிந்துகொண்டார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

சரி, எதையெல்லாம் 'சர்ச்சை' என்கிறீர்கள்? எனக்கு வந்த திருத்தங்களையும் மறுப்புகளையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், பெண். நம் திருநெல்வேலித் திருச்சபை ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணக் கைம்பெண்; லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர். மணமாகாமல் அவரோடு வாழ்ந்ததால் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகே, 1778இல், ஞானஸ்நானம் கிடைத்தது; கிளாரிந்தா என்று பெயர் பெற்றார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பட்டியலில் 40 பேர். 1785இல் அவர் கட்டிய சிறு கோயிலை ஊர் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறது. இதில் எதை மறைக்க வேண்டும்? ஆனாலும் 'பக்தியுள்ள விதவை' என்று எழுதிவிட்டு லிட்டில்டனைத் தூக்கிவிடச் சொல்கிறீர்கள். அவர் இல்லாவிட்டால் கதையே இல்லை. மறுக்கப்பட்ட பிறகும் அந்தப் பெண் காத்திருந்தாள் என்பதில்தான் விசுவாசம் இருக்கிறது. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் பத்சேபாளின் பெயர்கூட இல்லை. 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்று, மறக்க வேண்டிய விஷயத்தைத்தான் முதலில் நினைவூட்டுகிறான். அதை ஒவ்வொரு கிறிஸ்மஸ் ஆராதனையிலும் வாசிக்கிறோம். கிளாரிந்தாவைக் கதாநாயகியாக்கி நாவல் எழுதியவரும் நம்மவர் அல்லர் என்பதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெருங்குளத்துக்காரரான அ. மாதவையா, இந்து, 1915இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார்.

அடுத்தது, பிரிந்து போனவர்கள். ரேனியஸை ஒப்பற்ற அப்போஸ்தலர் என்று எழுதுகிற மலர்கள், 1835இல் அவர் சார்ந்த சங்கமே அவரை விலக்கியதையும், உபதேசிமார்களில் பலர் அவரைத் திரும்ப அழைத்துத் தனியாகச் சபை நடத்தியதையும், 1838இல் அந்தப் பிரிவு ஆறாமலே அவர் இறந்ததையும் சொல்வதில்லை. கால்டுவெல்லைப் பற்றிச் சொல்லும்போது ஒப்பிலக்கணம் வரும், அகழாய்வு வரும். நாடார் சமூகத்தைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட சிறு நூல் வராது. அவர் மேய்த்த ஜனங்களின் அறிவையும் வழிபாட்டையும் தாழ்வாகச் சித்திரித்த நூல் அது. படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். அப்படிக் கொதித்தவர்களில் ஒருவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. சாயர்புரத்தில் படித்தவர், நம் பக்கத்து நாசரேத் ஊரில் மிஷன் வேலையில் இருந்து மிஷனெரியோடு மோதி வெளியேறியவர். 1857இல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தயவு இல்லாத ஒரு கிறிஸ்தவ சபையை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், முதற்கனிக் காணிக்கை என்று பழைய ஏற்பாட்டிலிருந்தே தம் வழிபாட்டை வகுத்துக்கொண்டார். எபிரெயம் படித்தவர், கால்டுவெல்லின் எழுத்துக்கு எழுத்தாலேயே பதில் சொன்னவர். இந்திய ஆயர்கள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நம் சபையை நாமே நடத்திக்கொள்வோம் என்று தேரிக்காட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவரை 'விரோதி' என்றோ 'கலகக்காரர்' என்றோகூட மலர்கள் எழுதுவதில்லை. எழுதாமலே விட்டுவிடுகின்றன. அவருடைய உபதேசம் எனக்கும் ஏற்புடையது அல்ல. ஆனால் இடையன்குடிக் கோபுரத்தை அட்டைப்படமாகப் போடும் மலரில் அவருக்கு ஒரு பத்தி கொடுத்தால் கோபுரம் சாய்ந்துவிடாது.

மூன்றாவது, பஞ்சம். இதில்தான் எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள். மிஷன்கள் வழியாக நிவாரணப் பணம் வந்தது, கஞ்சி ஊற்றினார்கள், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். என் பாட்டனாரின் தகப்பனார் அப்போது சிறு பையன். அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கஞ்சித்தொட்டிக்கு வந்தார்களா, கர்த்தரிடம் வந்தார்களா என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஊரில் வேறு சிலர் பிரித்துப் பார்த்தார்கள். 'கஞ்சிக்குச் சேர்ந்தவன்' என்ற ஏச்சு என் காதாலும் கேட்டது. அதனால்தான் மலர்க் குழுவில் இருக்கும் என் சொந்தக்காரர்களே பஞ்சத்தை வெட்டிவிடச் சொல்கிறார்கள். "நம்மை நாமே அசிங்கப்படுத்துவானேன் தம்பி?" என்கிறார் ஒரு பெரியவர். வயதில் மூத்தவர், எதிர்த்துப் பேச நா எழவில்லை. இங்கே பேசுகிறேன்.

பெரியப்பா, அசிங்கம் எங்கே இருக்கிறது? பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சியிலா? குடித்தவன் கையேந்தியதிலா? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது, சாப்பிட்டவர்களின் உபதேசத் தெளிவை விசாரித்துவிட்டா நம் ஆண்டவர் பந்தி வைத்தார்? அப்பத்துக்காகவே என்னைத் தேடுகிறீர்கள் என்று மறுநாள் கடிந்துகொண்டார், உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின நாளே வயிற்றை நிரப்பிவிட்டார். பஞ்சம் தீர்ந்து மழை பெய்த பிறகு சிலர் பழையபடி மாடன் கோயிலுக்குத் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. கஞ்சிக்காக மட்டும் வந்தவர்கள் கஞ்சி நின்ற பிறகு ஏன் இருக்க வேண்டும்? பனை ஏறி இறங்கி, பதநீர் காய்ச்சி, கருப்பட்டி விற்ற காசில் காணிக்கை போட்டு, அடுப்பில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் எடுத்து வைத்து அந்தப் பிடியரிசியால் கோயிலுக்குக் கூரை போட்டவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தான். கஞ்சியை வெட்டிவிட்டால் அந்தப் பிடியரிசிக்கும் அர்த்தம் போய்விடுகிறது. வாங்கியவர்கள் கொடுக்கிறவர்களாக ஆன வரலாறு அது. ஏசுகிறவர்களுக்குப் பயந்து அதை மறைத்தால், ஏச்சு நியாயமானது என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும்.

நான்காவதாகச் சொல்வது சாதி. இதை வேகமாகக் கடந்துவிட முடியாது. என்றாலும் இங்கே நான் பிடிவாதக்காரன் அல்லன். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில் 1872இல் ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. ஒரு கையில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார், நடுவில் தடுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த இயேசுசபைக் குருக்கள் அந்தத் தடுப்பை அகற்றியபோது, அதைத் திரும்ப வைக்கக் கேட்டு வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை போய் அதில் தோற்றார்கள். அது ரோமச் சபையின் கதை, நமக்கென்ன என்று சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வழக்கத்தைச் சபைக்குள் விடக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது என்றால், அது உள்ளே இருந்தது என்றுதானே பொருள்? உள்ளே இல்லாததை யாரும் வெளியேற்றச் சொல்வதில்லை.

ஆனால் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை அப்படியே அச்சிடுங்கள் என்று கேட்கமாட்டேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்ட ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சான்றிதழும் தம்பி வேறு சான்றிதழும் வைத்திருக்க வேண்டிய நிலை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது ஐயர்மார்களுக்குத் தெரியும். பதிவேட்டின் ஒரு பக்கம் வெளியே போனால் ஒரு பிள்ளையின் வேலை போகலாம். சொத்து வழக்குகள், திருமண்டலத் தேர்தல் வழக்குகள் வேறு. ஆகவே பீரோவைப் பூட்டி வைக்கிறவர்கள் எல்லாரும் அசட்டையானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன்; சிலர் பயந்து பூட்டுகிறார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட பதிவேடுகள் குடும்பத்தாருக்கு மட்டும், அதற்கு முந்தியவை ஆராய்ச்சியாளருக்கும் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். மலரிலோ, எங்கள் சபையில் தனிப் பந்தி இருந்தது, இன்ன காலத்தில் இல்லாமல் போயிற்று, அல்லது இன்னும் முழுவதும் போகவில்லை என்று யார் பெயரையும் சொல்லாமல் எழுத முடியும். கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் யாருக்கு எந்த மூலை என்று பேச்சு வருகிறதே, அதை எழுதப் பெயர்கள் எதற்கு?

இவ்வளவையும் ஒரு நாவல்காரன் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று கேட்பீர்கள். என் நாவல்களைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மனக்குறையும் எனக்குத் தெரியும். குடிக்கிற உபதேசியார் ஒருவரை எழுதியதற்காக, ஊழியக்காரரை இழிவுபடுத்திவிட்டேன் என்று ஒரு வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் தீர்மானம் போடப் பார்த்தார்கள். இன்னொரு நாவலின் முடிவில் கதாநாயகன் இரட்சிக்கப்படவில்லையே என்று ஓர் ஐயரம்மா உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: சுவிசேஷக் கைப்பிரதி எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கிறார்கள், எனக்கு அந்த வரம் இல்லை. தமிழின் முதல் நாவலை 1879இல் அச்சேற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். அதன் கதாநாயகனைக் கிறிஸ்தவனாக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. (புத்திமதி மட்டும் தாராளமாகச் சொன்னார், முன்சீபாக இருந்தவர், பழக்கம் விடுமா.) அவர் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

என்னைப் பொறுத்தவரை எழுதுவதும் ஜெபிப்பதும் இரண்டு காரியங்கள். ஒன்று இன்னொன்றுக்கு வேலைக்காரி ஆகாது. ஆனால் இரண்டிலும் பொய் சொல்லக்கூடாது என்ற ஒழுங்கு பொது. முழங்காலில் நிற்கும்போது, நான் எப்படிப்பட்டவன் என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவரிடம் பேசுகிறேன்; அங்கே வேஷம் எடுபடாது. பேனாவைப் பிடிக்கும்போதும் அப்படித்தான் உட்கார முயல்கிறேன். குடிக்கிற உபதேசியாரை நான் வெறுத்து எழுதவில்லை. மாசம் முழுவதும் வெயிலில் நடந்து, சம்பளம் பாதி வந்து பாதி வராமல், அடுத்தவர் பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டு சொல்லிக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியாதவர் ஒருவரை எனக்குத் தெரியும் என்பதால் எழுதினேன். நம் வரலாற்றில் மிஷனெரிகளுக்கு வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. உபதேசியார்களுக்கு நாவலைத் தவிர வேறு வழியில்லை. ஏனென்றால் அவர்களைப் பற்றிய ஆதாரங்கள் உங்கள் பீரோவில் தூசியாகிக்கொண்டிருக்கின்றன. நான் கற்பனை செய்வது ஆசையால் அல்ல. தாள் கிடைத்திருந்தால் பாதி இடங்களில் கற்பனை தேவைப்பட்டிருக்காது.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் படம் எடுங்கள். நல்ல கைப்பேசி போதும். ஜன்னல் ஓரம், வெயில் நேரடியாகப் படாத இடம், பக்கத்துக்கு ஒரு படம்; கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்தால் விடுமுறைக்குள் முடியும். படங்களை மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். அது தாளைக் கொன்றுவிடும். புதுக் கோயில் கட்டுவதற்காகப் பழைய பொருள்களை ஒழிக்கும் நாளில் பின்னறைக்கு யாராவது காவல் இருங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போனது ஒருநாளும் திரும்பி வராது. மதில் எடுக்கும்போது பழைய கல்லறைகளை மட்டப்படுத்துவதாக இருந்தால், அதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் படம் பிடித்து, எழுத்தைப் படியெடுத்து விடுங்கள். ஊரில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாமார்கள் இருக்கிறார்கள். வேதம் வாசித்துக் காட்ட வேதபாட்டி வீடுவீடாக வந்த காலத்தையும் பிடியரிசிப் பானையையும் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட முடியாத வேலை அதுதான்.

இதைச் செய்கிற சபைக்குச் சபை வரலாற்றை நானே எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம், விழா மேடையில் பொன்னாடையும் வேண்டாம். நீங்கள் பிழை காட்டினால் திருத்துவேன். ஆதாரத்தோடு மறுத்தால் நன்றியோடு மாற்றுவேன். 'விழா நேரம்' என்ற காரணத்துக்காக ஒரு வரியை வெட்டினால் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தச் சபையிலிருந்து முதலில் பதில் வருகிறதோ அந்த ஊரின் அடக்கப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்த ஒரு நாவலாசிரியன்